ஆடுவது வண்டியா, ஓட்டுகிறவளா?

அநீதி நடந்தது எனக்கு, அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாருக்கு நடந்தது என்ற குழப்பம் வேண்டாம். என் பைக்கின் முன்சக்கரம் ஆடியது. ஆடியதற்குக் காரணம் நான்தான் என்று எங்கள் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு அடியில் வைத்துத் தீர்ப்புச் சொல்லி, கைதட்டி, சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்புச் சொன்னவர் என் அப்பா. கைதட்டியவள் என் அத்தை. சாவியை வாங்கிக்கொண்டவன் என் அண்ணன்.

உங்கள் ஸ்கூட்டிக்கு என்ன, பிரேக்கா? அப்படியென்றால் நேரம் ஆகும். என்னுடையது அதோ, முன்பல் இல்லாத வாய் மாதிரி நிற்கிறதே, அதுதான். ஃபோர்க்கைக் கழற்றி நிமிர்த்தக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது திரும்பி வரும்வரை நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள். இந்த ஒர்க்‌ஷாப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

நான் சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது பெண்களின் பேச்சு எந்த அளவுக்குக் காதில் வாங்கப்படுகிறது என்பதுதான் தலைப்பு. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி என்று காவிரிக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராகப் போவேன். "அம்மா, உங்க வீட்டுல ஒரு முக்கியமான விஷயம்னா உங்களைக் கேப்பாங்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். அந்த ஊர்களுக்கெல்லாம் பஸ் உண்டு. எனக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் இல்லை. பைக் இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி இல்லையென்றால் நான் வீட்டில் இருப்பேன், வீட்டில் இருந்தால் கோமதி அத்தை என் ஜாதகத்தைக் கையில் எடுப்பாள். அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு பைக் இருக்கிறது. அவனுக்கு இது இரண்டாவது. எனக்கு இது ஒன்றுதான், அக்கா. ஒன்றே ஒன்று.

ஆயுத பூஜை லீவு முடிந்து கிளம்பினேன். நாற்பதைத் தொட்டதும் ஹேண்டில்பார் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. சாமி வந்த மாதிரி. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. முப்பதுக்கு இறக்கினால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி போகும். திரும்ப நாற்பது, திரும்ப ஆட்டம். காவிரிப் பாலத்தில், பக்கத்தில் மணல் லாரி வரும்போது இப்படி ஆடினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து, "வண்டி ஆடுது" என்றேன். இரண்டே வார்த்தை.

"நீ ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பே, அதான்" என்றான் அண்ணன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. எங்கே ஆடுகிறது, எந்த வேகத்தில் ஆடுகிறது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் காரணம் தயார். ஆண்களுக்கு இந்த விஷயத்தில் மட்டும் எப்படித்தான் இவ்வளவு வேகமோ.

அண்ணன் பெயர் பாரி. அப்பா ஆசையாக வைத்தது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயர். இவன் தங்கச்சியின் தேரைக் கேட்டு வாங்கியவன்.

மறுநாள் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "நீ தனியாப் போனா ஏமாத்துவாங்க" என்று அவனும் கூடவே வந்தான். அந்த வாரம் அவனுக்குத் திடீரென்று ஒரு நாகரிகம் வேறு. வீட்டில்கூடக் கைலி கட்டாமல் பேண்ட்டோடு திரிந்தான். பேண்ட்டோடு வந்தவனைப் பார்த்து மெக்கானிக் கேட்டார்:

"என்ன தம்பி பிரச்சினை?"

"வண்டி என்னுது. நான் சொல்றேன்" என்றேன்.

"பாப்பாதான் ஓட்டுதா? சரி சரி. எந்த ஸ்பீடுல ஆடுது தம்பி?"

"நாப்பதுல" என்றேன்.

"நாப்பதுலயா தம்பி?"

நான் தமிழில்தான் பேசினேன், அக்கா. ஆனாலும் அதை அண்ணன் ஒருமுறை திரும்பச் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முன்சக்கரத்தை ஒரு அமுக்கு அமுக்கினார். "காத்து கம்மி. பாப்பாவை ரெண்டு கையும் லேசா வச்சு ஓட்டச் சொல்லுங்க." மூன்று பேர் நிற்கிற இடத்தில் நான் படர்க்கை ஆகிவிட்டேன். கீழே குனிந்து ஏதோ பார்க்கப் போனவரை அண்ணன்தான் தடுத்தான். "போதும்ணே, காத்துதான், நீங்க சொன்னா சரியா இருக்கும்." ஒரு ஆணின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதில் இன்னொரு ஆணுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்.

காற்று அடித்த பிறகும் ஆடியது. இன்னும் உற்சாகமாக ஆடியது.

அத்தைக்கு வேறு காரணம். "வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னியே, இப்ப வண்டி ஒத்தக் கால்ல நிக்குது." நவராத்திரிக்குக் கும்பகோணத்திலிருந்து வந்தவள். கொலு போனது, அத்தை போகவில்லை. பொட்டு விஷயம் உண்மைதான். ஆயுத பூஜை அன்று அப்பாவின் ஸ்கூட்டருக்கும் அண்ணனின் பைக்குக்கும் சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று எல்லாம் கட்டி நிறுத்தினார்கள். பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலை வரை அசைக்கக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். என் வண்டியை மட்டும் யாரும் தொடக் கூடாது, இரும்புக்கு எதற்கு வழிபாடு என்று நான் சொல்லிவிட்டேன். ஆக அன்று எங்கள் வீட்டில் நகரக்கூடிய ஒரே வண்டி என் பகுத்தறிவு வண்டிதான். சாயங்காலம் பொரி தீர்ந்துவிட்டது, யார் போய் வாங்குவது என்று கீழே ஏதோ கலவரம் நடந்தது. நான் மாடியில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், இறங்கவில்லை.

என்ன அக்கா? ஏதோ சொல்ல வருகிறீர்களா? இருங்கள், பட்டிமன்றத்துக்கு வந்துவிட்டேன். அதை முடித்துவிடுகிறேன்.

என் அப்பா மின்வாரிய ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஆனால் அது பகுதி நேரம். முழு நேரம் அவர் நடுவர். எங்கள் காலனியில் பொங்கல் பட்டிமன்றத்துக்கு வருஷா வருஷம் அவர்தான். "சிறந்த நடுவர்" என்று காலனிச் சங்கம் கொடுத்த பட்டயம் கண்ணாடி போட்டு ஹாலில் தொங்குகிறது. அதனால் வீட்டில் எந்த விஷயமும் சாதாரணமாக முடியாது. ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்பதற்குப் பட்டிமன்றம். வத்தக்குழம்பா சாம்பாரா என்பதற்கும் பட்டிமன்றம். அது முடிவதற்குள் அம்மா ரசம் வைத்துவிடுவாள்.

அன்றும் நாற்காலி போட்டார். இடது பக்கம் இரண்டு: "ஓட்டுபவரே" அணி, அண்ணனும் அத்தையும். வலது பக்கம் ஒன்று: "வண்டியே" அணி, நான் மட்டும். நடுவில் அப்பா, கையில் டம்ளர், டம்ளரைத் தட்ட ஒரு ஸ்பூன். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள். அதுதான் அவள் இடம்.

"நடுவர் அவர்களே!" என்று ஆரம்பித்தான் அண்ணன். "வண்டி என்பது என்ன? இரும்பு. இரும்புக்கு ஆட வேண்டும் என்று ஆசை உண்டா? தானாகக் கீழே விழ வேண்டும் என்று வேண்டுதல் உண்டா? ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் எந்த வண்டியும் ஆடாது, நடுவர் அவர்களே!"

அத்தை தட்டினாள் பாருங்கள் கை, பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

நான் எழுந்தேன். அக்கா, நான் காலேஜில் மூன்று வருஷம் தொடர்ந்து பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். சக்கரத்தின் சுழற்சி, ரிம்மின் வளைவு, பேரிங் தேய்மானம், கோன் செட், என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அப்போதுதான் அம்மா, "ஏங்க, நான் ஒண்ணு சொல்லவா..." என்றாள்.

டங். ஸ்பூன். "பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும்."

"அம்மா, கொஞ்சம் இரும்மா" என்றேன் நானும். "இப்பத்தான் பேரிங்குக்கே வந்திருக்கேன்."

வாதம் சூடாக இருக்கும்போது ஒருவர் குறுக்கே வந்தால் கோர்வை போய்விடும், இல்லையா? போய்விட்டது. அதனால்தான் தோற்றேன் என்றுகூட நான் நினைக்கிறேன். அப்பா தொண்டையைச் செருமி, எழில் பேசியது சிறப்பு, பாரி பேசியது மிகச் சிறப்பு என்று இரண்டு பக்கமும் தடவிக்கொடுத்து, கடைசியில் குரலை உயர்த்தினார். "ஆகவே, முன்சக்கரம் ஆடுவதற்குக் காரணம்... ஓட்டுபவரே! ஓட்டுபவரே! ஓட்டுபவரே! கை பழகும்வரை சாவி பாரியிடம் இருக்கட்டும்."

மேல்முறையீடு செய்தேன். அப்பாவுக்கு மேல்முறையீடு என்றால் பாயசம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியில்தான் கோளாறு என்று நிரூபித்தால் சாவி எனக்கு, இல்லையென்றால் வண்டியே அண்ணனுக்கு என்றார்.

சனிக்கிழமை காலை அண்ணன் சாவியோடு இறங்கி வந்தான். "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்." சும்மாவாம். நான் ஓடிப்போய் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "சாட்சியைக் கலைக்கப் பாக்கிறியா?" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. என் வாதத்தின் பலம் அது.

அன்றைக்குச் சமையலறையில் அம்மா மெதுவாக, "எழிலு, அந்த வண்டி விஷயமா உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம். "நீயுமாம்மா? நீயும் என் கையைத்தான் குத்தம் சொல்லப் போறே. உன் தப்பில்லை. காலங்காலமா ஆம்பளைங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு உனக்கு அவங்க குரல்லயே யோசிக்கப் பழகிடுச்சு" என்று ஆரம்பித்து, பெண்கள் எப்படித் தங்கள் குரலைத் தாங்களே அடக்கிக்கொள்கிறார்கள் என்பதைக் குக்கர் நான்கு விசில் அடிக்கும்வரை விளக்கினேன். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டேன். முன்சக்கரம் தரையை விட்டு மேலே எழ வேண்டுமென்றால் பின்னால் கனம் வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார வைத்தேன். "எழிலு, நான் சொல்றதைக்..." "பேசாதேம்மா, நீ அசைஞ்சா சக்கரம் இறங்குது." உட்கார்ந்தாள். தலையில் துண்டு, கையில் உரித்தது பாதி உரிக்காதது பாதியாகச் சின்ன வெங்காயக் கிண்ணம்.

முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தேன். வளைந்திருந்தால் ஒரு இடத்தில் மட்டும் கோடு விழும். விழவில்லை. டயரில் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று தடவினேன். இல்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன், எல்லாம் ஒரே சத்தம். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். பேரிங் போயிருந்தால் டக்டக்கென்று இடிக்கும். இடிக்கவில்லை. ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பினேன். கோன் செட் தேய்ந்திருந்தால் நடுவில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கும். வெண்ணெய் மாதிரி திரும்பியது. எல்லாம் சரி. எனக்கு வியர்த்துவிட்டது, அக்கா. வண்டி ஆரோக்கியமாக இருக்க இருக்க, குற்றவாளி நான் ஆகிக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து பார்ப்பதும் போவதுமாக இருந்தான்.

மிச்சம் இருந்தது ஃபோர்க், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள். இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பார்க்க, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பார்க்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் கண்ணாடி ஒட்டாமல் தள்ளாடும். வீட்டில் அந்த அளவுக்கு ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்தது. "சிறந்த நடுவர்" பட்டயத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். கண்ணாடியை உருவி ஃபோர்க் மேல் வைத்தேன்.

டக். டக். டக்.

தள்ளாடியது! அப்பாவின் கண்ணாடி, என் பக்கம் சாட்சி சொன்னது! குனிந்து பார்த்தபோது ஹாரனுக்குப் பின்னால் இடுக்கில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். இரண்டு பூசணி விதை. சுற்றிலும் குங்குமம். என் வண்டியில் குங்குமம்! யாரோ எனக்குத் தெரியாமல் ரகசியமாகப் பூஜை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் அத்தை மேல் சந்தேகப்பட்டேன்.

சபையைக் கூட்டினேன். எல்லாரும் போர்ட்டிகோவுக்கு வந்தார்கள். "நடுவர் அவர்களே, ஃபோர்க் முறுக்கியிருக்கு. ஃபோர்க் வண்டியின் உறுப்பு. ஆகவே காரணம் வண்டியே!"

அப்பா கண்ணாடியைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இது தானா முறுக்காதே, எழில். விழுந்தாத்தானே முறுக்கும்? எங்க விழுந்தே?"

"நான் விழவே இல்லை!"

"விழாம எப்படி?"

"நான் விழலைன்னா விழலை!"

அத்தை என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தாள். "இது திருஷ்டிப் பூசணிக்காய் விதைல்ல? ஆயுத பூஜை அன்னிக்குச் சந்து முனையில ஹார்டுவேர் கடைக்காரன் நடு ரோட்டுல போட்டு உடைச்சானே. அது இதுல எப்படி வந்துச்சு?"

அப்போது பின்சீட்டிலிருந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"பாரிதான் விழுந்தான். பொரி வாங்கப் போனப்ப. பேண்ட்டை மூணு தண்ணி அலசிட்டேன், குங்குமம் போகலை. முட்டியில அடி. அதை மறைக்கத்தான் கைலி கட்ட மாட்டேங்கிறான்."

அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உன்கிட்ட சொன்னா என் கல்யாணத்துல மைக் பிடிச்சும் இதையே பேசுவே. அதான் நானே எடுத்துட்டுப் போய் சரி பண்ணிரலாம்னு பாத்தேன்" என்றான். பார்த்தீர்களா அக்கா? குற்றவாளி அவன், அதற்கும் காரணம் என் வாய்!

இப்போது அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "தீர்ப்பில் மாற்றம் இல்லை. காரணம் ஓட்டுபவரே என்றுதான் சொன்னேன். ஓட்டியவர் யார் என்பதில்தான் சிறு திருத்தம்."

"நான் சொன்னேனா இல்லையா?" என்றாள் அத்தை. "இவ வண்டிக்கும் பூஜை போட்டிருந்தா அன்னிக்கு அது வாசலைத் தாண்டியிருக்குமா?"

அக்கா, நீங்கள் நியாயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். விழுந்த அண்ணன் சொன்னது சரியாகிவிட்டது. தப்பான ஆளுக்குத் தீர்ப்புச் சொன்ன அப்பா சரியாகிவிட்டார். அத்தைகூடச் சரி! அந்த வீட்டிலேயே தப்பாகப் பேசிய ஒரே ஆள் நான். விடுவேனா? "இல்லை! வளைந்தது வண்டி! ஆடியது வண்டி! ஆகவே வண்டியே!" என்று அங்கேயே மறுபடி ஆரம்பித்தேன். ஒருவன் மட்டும் பலமாகத் தலையாட்டினான். "எழில் சொல்றதுதான் கரெக்ட்டுப்பா. வண்டிதான். மனுஷனை ஏன் குத்தம் சொல்லணும்?" அண்ணன். என் அணிக்கு வந்துவிட்டான்.

சாவி கிடைத்தது. சரி. இல்லையென்று சொல்லவில்லை. ஃபோர்க்கையும் அவன் பொறுப்பில்தான் நிமிர்த்துகிறார்கள். ஆனால் எனக்குக் கோபம் யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன் மேல் இல்லை, அவன் ஆண், அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. அம்மா மேல். ஒரு பெண், அக்கா. எல்லாம் தெரிந்த பெண். தன் மகள் ஒற்றை ஆளாக நின்று போராடுவதைப் பார்த்துக்கொண்டே வாய் மூடி நின்றிருக்கிறாள். இதைத்தானே நான் ஊர் ஊராகப் போய் எழுதிக்கொண்டு வருகிறேன்? பெண்கள் ஏன் பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்று?

என்ன, என் பெயரையா கூப்பிடுகிறார்கள்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் கையைக் காட்டினீர்களா? கூப்பிடட்டும், ஒரு நிமிஷம். முடித்துவிடுகிறேன்.

எல்லாரும் உள்ளே போன பிறகு அம்மா எதிரில் போய் நின்றேன். நான் இறங்கச் சொல்லாததால் அவள் இன்னும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "இத்தனை நாளா தெரிஞ்சிருக்கு. ஹால்ல அவ்வளவு பெரிய விவாதம் நடந்துச்சு. நீ ஏம்மா வந்து பேசலை?" என்று கேட்டேன்.

அம்மா கடைசி வெங்காயத்தையும் உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டுக் கேட்டாள்:

"எனக்கு எந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தீங்க?"